மேசை மேல ஆரல்வாய்மொழி

குமரி மாவட்டத்துல ஆரல்வாய்மொழி பக்கம் ரயில் போற எடத்த ஹெச்ஓ ஸ்கேல்ல சின்ன மாடலா பண்ணிட்டிருக்கேன், அதாவது 1:87, நெசத்துல இருக்குறதுல 87ல ஒரு பங்கு, அப்ப 20 மீட்டர் தென்னை 23 சென்டிமீட்டர் வரும், ஆனா கரண்டு எடுக்குற 50 மீட்டர் காத்தாடி டவர் 57 சென்டிமீட்டர் வந்துரும்லா, மலையவே மறைச்சிரும். அதனால காத்தாடிய மட்டும் சின்னதாக்கி பின்னால மலையோட ஒட்டி வச்சேன், தூரத்துல நிக்குற மாதிரியே தெரியுது, பாத்துட்டே இருக்கலாம்.

மலை தெர்மாகோல்தான். மேல நம்ம ஊரு செம்மண்ண வெயில்ல காய வச்சு துணியில சலிச்சு தூவி, தண்ணி கலந்த ஃபெவிகால சொட்டு சொட்டா விட்டேன். கடையில விக்கிற கலர் பொடிய விட இது எவ்வளவோ கொள்ளாம்.

ஓட்டு வீடு செய்றவங்க பளிச்சுனு செவப்பு அடிக்காதீங்க, நம்ம மழைக்கு ஓடு கறுத்து பாசி புடிச்சுதான் இருக்கும். அடுத்தது ஸ்டேஷன் பிளாட்பாரம்.