ஈரச் சுவர்

செப்டம்பர் 28
சுண்ணாம்புச் சுவர் ஓவியம் பற்றிய என் ஆய்வின் சினாப்சிஸ் (திட்டச் சுருக்கம்) மூன்றாவது முறையாக வழிகாட்டி மேடத்திடமிருந்து திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் பென்சிலில் ஒரே வரி: ‘செய்முறை இருக்கிறது, ஆய்வு எங்கே?’
சுண்ணாம்பு ஊற ஆரம்பித்து இன்று 41 நாள்.

செப்டம்பர் 29
தூங்கினேன்.

அக்டோபர் 6
கொத்தனார் அண்ணன் வந்தார். இரண்டடிப் பலகையில் பூச்சு. ஈரம் இருக்கும்போதே காவி, மஞ்சள் காவி, விளக்குக் கரி மூன்றையும் வெறும் தண்ணீரில் கரைத்துத் தீட்டினேன். பசையே வேண்டாம், சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது நிறத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் இந்த ஈர முறை என்கிறார்கள், சித்தன்னவாசல் தாமரைக்குளம் காய்ந்த பூச்சின்மேல் தீட்டியது. தஞ்சையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடிக்கும்வரை யாருக்கும் தெரியாது. மேலே இன்னொரு படம், அடியில் இது பாட்டுக்கு இருந்திருக்கிறது. இதை மேடத்திடம் சொன்னால் “இது வரலாறு, உன் கேள்வி எது?” என்பார். தெரிந்தால் எழுதியிருக்க மாட்டேனா.
மிச்சப் பூச்சை இன்னொரு பலகையில் அப்பி, சும்மா மஞ்சள்தூளைத் தேய்த்தேன். நொடியில் ரத்தச் சிவப்பு.

அக்டோபர் 7
அம்மாவிடம் போனில் சொன்னேன். “இதுக்கு எதுக்குடி எம்.எஃப்.ஏ.ன்னு ஓவியத்துல முதுகலைப் படிப்பு, ஆரத்தித் தட்டைப் பார்த்தா போதாதா?” சிரித்துவிட்டு வைத்த பிறகு கொஞ்சம் அழுகை வந்தது. அம்மாவும் அதே கேள்விதானே கேட்கிறாள்.

அக்டோபர் 9
பெரிய பலகையில் வெடிப்பு. “மணல் பத்தல பாப்பா” என்றார் கொத்தனார் அண்ணன். அவர் சொன்னால் சரி.

அக்டோபர் 13
மஞ்சள் பலகையின் சிவப்பு இறங்குகிறது. வெயிலா, இல்லை சுண்ணாம்பின் காரம் குறைகிறதா? பாதியில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டிருக்கிறேன், காற்றுப் போகட்டும், வெளிச்சம் மட்டும் வேண்டாம்.

அக்டோபர் 14
மெயில் இல்லை.

அக்டோபர் 15
இல்லை.

அக்டோபர் 21
மழை. எதுவும் காயவில்லை, என் துணி உட்பட. ரூம்மேட்டுக்குச் சுண்ணாம்பு வாடை பிடிக்கவில்லை. பலகையைக் கட்டிலுக்கடியில் தள்ளச் சொன்னாள். முடியாது என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

அக்டோபர் 30
துணியை விலக்கினேன். வெளிச்சம் பட்ட பாதி வெளுத்து, பழைய வேட்டி நிறம். மறைத்த பாதி வெளுக்கவில்லை, ஆனால் சிவப்பும் இல்லை, மஞ்சளாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது! அப்படியென்றால் இரண்டுமே. வெயில் ஒரு வேலை, காற்று ஒரு வேலை. ராத்திரி ஒன்றரை மணிவரை எழுதினேன், சினாப்சிஸ் இல்லை, எந்த நாள் என்ன நிறம் என்று மட்டும்.

நவம்பர் 2
நாளை 11 மணிக்கு மேடம் வரச் சொல்லியிருக்கிறார். காகிதம் எதுவும் கொண்டுபோகப் போவதில்லை, பலகைதான். ஒரு ஆளால் தூக்க முடியாது. ஆட்டோவில் ஏற்றுவார்களா என்று கேட்க வேண்டும், மழை வேறு விடவில்லை