சுயேச்சை வேட்பாளருக்குப் பத்துக் கையொப்பங்கள்: கடலூர் தொகுதியில் ஒரு வேட்புமனு அனுபவம்

2024 நாடாளுமன்றத் தேர்தலில் கடலூர் தொகுதியில் சுயேச்சையாக நின்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு, முன்மொழிந்தவர்களுள் ஒருவனாகவும் பின்னர் தேர்தல் முகவராகவும் இருந்தேன். சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களின் நிலத்தடி நீர் பற்றித் தேர்தல் மேடையில் யாராவது தொடர்ந்து பேச வேண்டும் என்பதற்காகவே அவர் நின்றார். கட்சியோ பணபலமோ வழக்கறிஞர் துணையோ இல்லாத ஒருவர் வேட்பாளர் பட்டியலில் தம் பெயரைக் கொண்டுவர என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதை, இனி நிற்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அதே நாடாளுமன்றத் தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்கள் எல்லாரும் கடலூர் தொகுதி வாக்காளர்கள் அல்லர். திட்டக்குடி, விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டி, கடலூர், குறிஞ்சிப்பாடி ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளே இதில் அடங்கும். புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் மூன்றும் இதே மாவட்டத்தில் இருந்தாலும் சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியைச் சேர்ந்தவை. ஐயா நெடுங்காலம் பணியாற்றியது புவனகிரிப் பக்கம் என்பதால், கையொப்பமிட முதலில் ஓடிவந்த பழைய மாணவர்கள் பலரை நன்றி சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. ஐயாவின் பெயரும் புவனகிரிப் பட்டியலில்தான் இருந்தது. ஆனால் அதனால் தடை ஏதும் இல்லை. மக்களவைக்கு நிற்பவர் நாட்டின் எந்த நாடாளுமன்றத் தொகுதியின் வாக்காளராகவும் இருக்கலாம்; வேறு தொகுதிக்காரர் என்றால், வாக்காளர் பட்டியலில் தம் பெயர் உள்ள பகுதியின் சான்றளிக்கப்பட்ட நகலை இணைத்துவிட வேண்டும்.

பத்துப் பேரைத் திரட்டுவதில்தான் எங்கள் நேரத்தின் பெரும்பகுதி கழிந்தது. கையொப்பம் மட்டும் போதாது. ஒவ்வொருவருக்கும் பட்டியலின் பாகம் எண்ணும் அந்தப் பாகத்தில் அவருடைய வரிசை எண்ணும் மனுவில் சரியாக இருக்க வேண்டும். வாக்காளர் அட்டையை வைத்துக்கொண்டு எழுதிவிட முடியாது, நடப்புப் பட்டியலை வைத்தே சரிபார்க்க வேண்டும். ஒரு வேட்பாளர் அதிகபட்சம் நான்கு மனுக்கள் வரை கொடுக்கலாம், அவற்றுக்கு ஒரே டெபாசிட் போதும் என்பதால், வெவ்வேறு பத்துப் பேரைக் கொண்டு இரண்டு மனுக்களாகத் தயாரித்தோம். ஒன்றில் யாராவது ஒருவருடைய எண் பிசகினாலும் மற்றது நிற்கும். சுயேச்சையாக நிற்பவர்கள் எல்லாரும் இப்படிச் செய்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

“பேரு குடுத்தா பின்னால ஏதாவது வருமா?” என்ற கேள்வியைப் பல வீடுகளில் கேட்டோம். தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் ஓர் அம்மா மட்டும் அப்படி எதுவும் கேட்கவில்லை. எங்கே கை வைக்க வேண்டும் என்றுதான் கேட்டார். எழுதத் தெரியாதவர் கைரேகை வைப்பதானால், தேர்தல் நடத்தும் அலுவலர் அல்லது அதற்கென அனுமதிக்கப்பட்ட அதிகாரியின் முன்னிலையில்தான் வைக்க வேண்டும். ஆகவே அவரை நேரிலேயே அழைத்துச் செல்வதென்று முடிவாயிற்று.

படிவம் 26 என்னும் பிரமாணப் பத்திரம் இன்னொரு பெரிய வேலை. வழக்குகள், ஐந்தாண்டு வருமானம், மனைவியின் பெயரில் உள்ளவை உட்பட எல்லாச் சொத்துகளும் கடன்களும், கல்வித் தகுதி என அனைத்தையும் எழுதி, நோட்டரி முன்னிலையில் உறுதிமொழி அளித்துக் கையொப்பமிட வேண்டும். எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது, கோடு போட்டும் விடக்கூடாது. “இல்லை” அல்லது “பொருந்தாது” என்று எழுத வேண்டும். வெற்றிடம் விட்ட பிரமாணப் பத்திரத்தை, நினைவூட்டியும் நிரப்பாவிட்டால், நிராகரிக்கலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஐயாவின் துணைவியார் தம் தாலிச் சங்கிலியையும் வளையல்களையும் எடை போட்டுக் கிராம் கணக்கில் சொல்லத் தயங்கினார். ஊரே இணையத்தில் பார்க்கும் என்று தெரிந்ததும் அந்தத் தயக்கம் கூடியது. அவருடைய சங்கடம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் வாக்குக் கேட்டு வருபவருடைய சொத்து வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்பதில் ஐயா உறுதியாக இருந்தார். அன்று மாலையே தட்டார் கடைக்குப் போய் எடை போட்டு வந்தார்கள்.

மனுத் தாக்கல் மார்ச் 20 முதல் 27 வரை, காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை. நல்ல நேரம் பார்ப்பவர்கள் மிகுதி என்பதால் 25ஆம் தேதி பங்குனி உத்திரத்தன்று கூட்டம் நெரியும் என்று எதிர்பார்த்து, 22ஆம் தேதி வெள்ளிக்கிழமை ராகுகாலத்திலேயே, 11 மணிக்கு ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்றோம். ஐயா நாள் நட்சத்திரம் பார்க்காதவர். வேட்பாளரோடு நான்கு பேருக்கு மட்டுமே உள்ளே அனுமதி. அந்த நால்வரில் தேவனாம்பட்டினத்து அம்மாவும் ஒருவர். மைப்பெட்டியில் பெருவிரலை ஒற்றி, தாளில் அழுத்தி எடுத்ததும், ரேகை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அவரே குனிந்து பார்த்துக்கொண்டார். 25,000 ரூபாய் டெபாசிட்டைச் செலுத்தினோம். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இது 12,500 ரூபாய். தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கை மனுவுக்கு ஒரு நாள் முன்பாவது தொடங்கியிருக்க வேண்டும், அதையும் முடித்திருந்தோம். அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன் என்று வேட்பாளர் உறுதிமொழி ஏற்பதை மனு கொடுத்த கையோடு முடித்துவிடுவது நலம். பரிசீலனை நாளுக்கு முன்பே அது முடிந்திருக்க வேண்டும்.

28ஆம் தேதி பரிசீலனையில் மனு ஏற்கப்பட்டது. 30ஆம் தேதி பிற்பகல் 3 மணியோடு திரும்பப் பெறும் நேரம் முடிந்தபின் சின்னம் ஒதுக்கினார்கள். பண்ருட்டியை நினைத்துப் பலாப்பழத்தை முதல் விருப்பமாக எழுதியிருந்தோம். கிடைத்தது மூன்றாவது விருப்பம். அதைத் துண்டறிக்கையில் அச்சிட்டு ஊர் ஊராகக் கொண்டுபோக ஏப்ரல் 19 வாக்குப்பதிவுக்கு முன் மூன்று வாரங்கூட இல்லை. ‘கை’க்கும் ‘முரசு’க்கும் வாக்காளரிடம் அறிமுகம் தேவையில்லை, சுயேச்சையோ அந்த மூன்று வாரத்துக்குள் தம் பெயரையும் சின்னத்தையும் சேர்த்துப் பதிய வைக்க வேண்டும். நடைமுறையில் எனக்கு நியாயமாகப் படாதது இது ஒன்றே.

மனு கொடுத்த நாளிலிருந்தே செலவுக் கணக்கு தொடங்கிவிடுகிறது. அன்றாடச் செலவுக்கு வெள்ளை, ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள் என மூவண்ணத் தாள்கள் கொண்ட பதிவேட்டைக் கொடுப்பார்கள். உச்சவரம்பு 95 லட்சம் ரூபாய். நாங்கள் அதன் பக்கத்திலேயே போகவில்லை. ஆனாலும் தேநீர், நாற்காலி, மைக் செட், வாடகை வண்டி என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் நிர்ணயித்த விலைப்பட்டியல் இருக்கிறது. பிரசாரக் காலத்தில் மூன்று முறை பதிவேட்டைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஒருவருக்கு மொத்தம் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. இரவு எவ்வளவு களைத்துத் திரும்பினாலும் அன்றைய ரசீதுகளை ஒட்டாமல் நான் படுத்ததில்லை.

ஜூன் 4 அன்று காங்கிரஸின் விஷ்ணு பிரசாத் வெற்றி பெற்றார். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைப் பெறாததால் ஐயாவின் டெபாசிட் திரும்பவில்லை, அது எதிர்பார்த்ததுதான். தோற்றவர் பலர் இத்தோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் இறுதிக் கணக்கை ரசீதுகளோடும் வங்கி அறிக்கையோடும் பிரமாணப் பத்திரத்தோடும் ஒப்படைக்காவிட்டால், தேர்தல் ஆணையம் மூன்றாண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்ய முடியும். கணக்கைச் சரிபார்க்க அழைத்த கூட்டத்துக்கு ஐயாவோடு நானும் போனேன். வேன் வாடகையில் இருந்த சிறு வேறுபாட்டை ரசீதைக் காட்டி அங்கேயே தீர்த்துக்கொண்டு, ஜூலை 4க்கு முன்பே கணக்கை ஒப்படைத்து ஒப்புகைச் சீட்டு பெற்றோம்.