டெஸ்ட் தொங்கினால் நேரத்தைக் கூட்டுவதா? ஏலக் கணக்கு மென்பொருளில் டைம்அவுட்டைச் சரிசெய்த அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் கரையில் படகு இறங்கியதும் மீன் ஏலம் நடக்கும். யார் படகு, என்ன மீன், எத்தனை கிலோ, எந்த வியாபாரி எடுத்தார், டீசலுக்கும் ஐஸுக்கும் எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதையெல்லாம் செல்போனில் பதிந்து சர்வருக்கு அனுப்பும் ஒரு மென்பொருளை எங்கள் சிறு குழு பராமரிக்கிறது. எழுதியது பைதான் மொழியில், தரவுத்தளம் போஸ்ட்கிரஸ், சோதிக்க பைடெஸ்ட் என்ற கருவி. கரையில் சிக்னல் வரும், போகும். அதனால் காத்திருப்பதும் மறுபடி அனுப்புவதும்தான் இதில் பாதி வேலை. அந்தப் பகுதி சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டுகள்தான் முடியாமல் தொங்க ஆரம்பித்தன.

பிழை என்று எதுவும் வராது. டெஸ்ட்டுகளை ஓட்டும் ரன்னர் பாதிக்கு மேல் ஓடி, அப்படியே நிற்கும். பைடெஸ்டுக்கு இயல்பாக டைம்அவுட், அதாவது இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன் என்ற வரம்பு, கிடையாது. இதேபோன்ற மற்ற சோதனைக் கருவிகளில், ஜெஸ்ட்டில் ஒரு டெஸ்ட்டுக்கு 5 விநாடி, மோக்காவில் 2 விநாடி, கோ மொழியில் மொத்த ஓட்டத்துக்கும் 10 நிமிடம் என்று முன்பே வைத்திருக்கிறார்கள். பைடெஸ்டில் நாம் சொல்லாதவரை அது காத்துக்கொண்டே இருக்கும். அதை இணையத்தில் தானாக ஓட்டுகிற கிட்ஹப் ஆக்‌ஷன்ஸும் ஒரு வேலைக்கு 360 நிமிடம் வரை பொறுத்திருக்கும். இரவில் நிரலை ஏற்றிவிட்டுப் படுத்தால், ரத்தானது என்ற ஒரு வரிதான் காலையில் கிடைக்கும். எந்த டெஸ்ட், எந்த வரி, ஒன்றும் தெரியாது.

மீன்பிடித் தடைக்காலம் வரட்டும் என்று காத்திருந்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு வரவு மட்டும்தான் பதிவாகும். கணக்கு நடக்கிற இடத்தில் கைவைக்க அதைவிட நல்ல நேரம் எங்களுக்கு இல்லை.

முதலில் பைடெஸ்ட்-டைம்அவுட் என்ற செருகுநிரலைப் போட்டு, ஒரு டெஸ்ட்டுக்கு 60 விநாடி என்று வரம்பு வைத்தோம். நேரம் தாண்டும்போது, அந்தக் கணத்தில் நிரல் எந்த வரியில் நிற்கிறது என்பதை அது கொட்டிக் காட்டும். அந்த வெளியீட்டின் கடைசி வரியில் இருந்தது சாக்கெட்டிலிருந்து, அதாவது நெட்வொர்க் இணைப்பிலிருந்து, படிக்கும் அழைப்பு. மேலே போனால் சர்வரோடு பேசப் பயன்படும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம், அதற்கும் மேலே எங்கள் வரி. அந்த நூலகத்துக்கும் இயல்பான டைம்அவுட் இல்லை. டெஸ்ட்டுக்காக நாங்கள் வைத்த போலி சர்வர் பதில் சொல்லாமல் இருந்தால் அதுவும் பேசாமல் இருக்கும். இணைப்புக்கு 3 விநாடி, படிக்க 10 விநாடி என்று கொடுத்தோம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். படிக்க 10 விநாடி என்றால் மொத்தப் பதிலுக்கும் 10 விநாடி என்று அர்த்தமில்லை. ஒரு துளித் தரவுக்கும் அடுத்த துளிக்கும் நடுவே 10 விநாடி மௌனம் இருந்தால்தான் அது விழும். விநாடிக்கு ஒரு பைட் அனுப்பும் போலி சர்வர் ஒன்றை எழுதிப் பார்த்தோம். டைம்அவுட் வரவே இல்லை, பதிலும் முடியவில்லை. சிக்னல் மங்கிய இடத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஆகவே மொத்தத்துக்கும் 20 விநாடி என்று தனியாக ஒரு கெடு வைத்தோம்.

அப்புறம் கீழக்கரையிலிருந்து வேலை பார்க்கும் எங்கள் காக்கா (அண்ணனை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) கூப்பிட்டார். “தம்பி, ஒரு டெஸ்ட் நேரம் தாண்டுனா எனக்கு மொத்தமும் செத்துப்போகுது. உனக்கு மட்டும் எப்படிக் கடைசி வரைக்கும் ஓடுது?”

“காக்கா, உங்களது விண்டோஸ். அதான்.”

லினக்ஸில் இந்தச் செருகுநிரல் அலாரம் சிக்னலை, அதாவது குறித்த நேரத்தில் இயங்குதளம் நிரலுக்குத் தரும் அறிவிப்பை, பயன்படுத்தும். அந்த ஒரு டெஸ்ட்டைத் தோல்வியாக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகும். விண்டோஸில் அந்தச் சிக்னல் கிடையாது. அதனால் நிரலுக்குள் பக்கவாட்டில் ஓடும் தனித் திரெட் ஒன்று நேரம் பார்த்து, தாண்டினால் மொத்த ஓட்டத்தையும் நடத்தும் புராசஸையே முடித்துவிடும். டெஸ்ட் முடிந்ததும் சுத்தம் செய்யும் நிரல் ஓடாது, அறிக்கைக் கோப்பும் கிடைக்காது. அவர் இப்போது விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக ஓட்டுகிறார்.

இன்னொரு சிக்கல் தரவுத்தளத்தில் இருந்தது. ஒரு டெஸ்ட் பாதியில் நின்றால், அது திறந்து முடிக்காமல் விட்ட பரிவர்த்தனை, படகுக் கணக்கு வரியை வேறு யாரும் மாற்ற முடியாதபடி பூட்டியபடியே கிடக்கும். பின்னால் வரும் டெஸ்ட்டுகள் அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்து வரிசையாக விழும். போஸ்ட்கிரஸில் பூட்டுக்காகக் காத்திருக்கும் வரம்பு இயல்பாக 0, அதாவது வரம்பே இல்லை. டெஸ்ட் தரவுத்தளத்தில் அதை 2 விநாடியாக்கினோம். அன்றிலிருந்து 60 விநாடி கழித்து ‘நேரம் முடிந்தது’ என்று வருவதற்குப் பதில், பூட்டு கிடைக்கவில்லை என்ற தெளிவான பிழை 2 விநாடியில் வருகிறது.

இந்த வேலையில் எனக்கு உறுதியாகப் பட்டது இதுதான். உள்ளே இருக்கும் காத்திருப்பு முதலில் முடிய வேண்டும். பூட்டுக்கு 2, இணைப்புக்கு 3, படிக்க 10, மொத்தக் கெடு 20, டெஸ்ட்டுக்கு 60, அதற்கு வெளியே கிட்ஹப் வேலைக்கு 15 நிமிடம். உள்ளே உள்ளவன் விழும்போது எதற்காகக் காத்திருந்தேன் என்று சொல்லிவிட்டு விழுவான். ரன்னருக்கு அது தெரியாது. ரன்னரின் வரம்பை 60லிருந்து 300 ஆக்கினால் அதே மௌனத்தை இன்னும் நான்கு நிமிடம் கூடுதலாகக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

ஐந்து விநாடி தூங்கிவிட்டுப் பார் என்று எழுதியிருந்த இடங்களையெல்லாம், நிலை மாறியதா என்று அடிக்கடி பார்த்து மாறியவுடன் நகரும்படி மாற்றினோம். மறுபடி அனுப்பும் இடைவெளிக்கு, உண்மையில் காத்திருக்காமல் நேரத்தை நகர்த்தும் பொய்க் கடிகாரம் வைத்தோம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கடைசியாக எழுதிய டெஸ்ட். போலி சர்வர் ஒரு கூடை நண்டுக்கான பதிவை வாங்கிச் சேமித்துவிட்டு, பதில் சொல்லாமல் மௌனமாகும். போன் பக்கம் டைம்அவுட் ஆகும், மறுபடி அனுப்பும். முடிவில் கணக்கில் ஒரே வரி இருக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் இரண்டு வரி இருந்தது. டைம்அவுட் வந்தால் பதிவு போய்ச் சேரவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். அந்த இரண்டாவது வரி வியாபாரி தலையில் வாங்காத நண்டுக்குக் கடனாக ஏறும். போனிலேயே ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்து, சர்வர் பக்கம் அதே எண் இரண்டாம் முறை வந்தால் பழைய பதிலையே திருப்பித் தரும்படி செய்தோம். தரவுத்தளத்திலும் அந்த எண் இருமுறை பதிவாகாதபடி தனித்தன்மைக் கட்டுப்பாடு போட்டிருக்கிறது.

இப்போது ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் மிக மெதுவான 10 டெஸ்ட்டுகளை பைடெஸ்ட் பட்டியலிடும்படி வைத்திருக்கிறோம். யாராவது ஒரு டெஸ்ட்டுக்கு மட்டும் வரம்பைக் கூட்டினால், அது எதற்காகக் காத்திருக்கிறது என்பதை அந்த வரிக்கு மேலேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த நிரலைச் சேர்ப்பதில்லை.