வாடகையும் மின்கட்டணமும் யார் கொடுப்பது?

வெளிநாட்டில் வசிக்கும் நண்பர்கள், தங்கள் மாநகராட்சி இந்த ஆண்டு தொண்டு அமைப்புகளுக்கு எவ்வளவு ஒதுக்கியது, எதை வெட்டியது என்று பேசிவிட்டு, சிங்கப்பூரில் இதெல்லாம் எப்படி என்று கேட்பதுண்டு. நகரமே நாடாக இருக்கும் இடத்தில் அதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை. இங்கே மேயர்கள் ஐவர் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தலைமை தாங்குவது சமூக மேம்பாட்டு மன்றங்களுக்கு, மாநகராட்சிக்கு அன்று. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு உதவும் அமைப்புகளுக்கான பணம் அமைச்சுகளிலிருந்தும், டோட் போர்டு என்னும் அரசு வாரியத்திலிருந்தும், நன்கொடை திரட்டிப் பகிர்ந்தளிக்கும் கம்யூனிட்டி செஸ்ட்டிலிருந்தும், கொஞ்சம் நம் சம்பளத்திலிருந்தும் வந்து சேர்கிறது.

நம்மவர்களுக்கு மிகவும் பழக்கமானது சம்பளச் சீட்டில் மசேநிதியை (மத்திய சேமநிதியை) ஒட்டி வரும் சிண்டா, அதாவது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்கான பிடித்தம். 1991இல் தொடங்கப்பட்ட சிண்டாவுக்காக, வருமானத்துக்கு ஏற்ப மாதம் 1 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) முதல் 30 வெள்ளி வரை பிடிக்கிறார்கள். விரும்பாதவர்கள் படிவம் கொடுத்து விலகிக்கொள்ளலாம். மாதம் 1,000 வெள்ளிகூடத் தாண்டாத பகுதிநேர ஊழியரிடமும் அந்த 1 வெள்ளியை வாங்கத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை. நாளைக்குத் தம் பிள்ளையைத் துணைப்பாட வகுப்புக்கு அனுப்பும்போது, தாமும் பங்கு போட்ட இடம் என்று அவர் தலைநிமிர்ந்து வரலாம். நான் கேட்க நினைப்பது மறுமுனையைப் பற்றி: 15,000 வெள்ளிக்குமேல் எவ்வளவு சம்பாதித்தாலும் அதே 30 வெள்ளிதான் என்பது ஏன்?

டோட் போர்டு இன்னொரு வகை. லாட்டரி நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனம் அதற்குச் சொந்தமானது என்பதால், நாலு நம்பர், டோட்டோ ஆகிய குலுக்கல்களில் மிஞ்சும் பணமும், சூதாட்டக்கூடத்துக்குள் நுழையச் சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் நாளொன்றுக்குச் செலுத்தும் 150 வெள்ளியும் அதன் வழியாக அறப்பணிகளுக்குப் போகின்றன. நாலு நம்பர் குலுக்கல் நடக்கும் புதன், சனி, ஞாயிறு மாலைகளில் லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் எண் எழுதக் காத்திருப்பவர்களில், அந்தப் பணத்தாலேயே நடக்கும் கடன் ஆலோசனையைத் தேடி ஒருநாள் வரப்போகிறவரும் இருக்கக்கூடும். அதற்காக அந்தப் பணம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் எந்தத் தொண்டு அமைப்பும் இல்லை.

நான் விரிவாகப் பேச விரும்புவது ஈடாகத் தரப்படும் மானியத்தைப் பற்றி. பொதுமக்கள் ஒரு வெள்ளி கொடுத்தால் அரசாங்கமும் ஒரு வெள்ளி கொடுக்கும் இந்த ஏற்பாட்டுக்கு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 270 மில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. பொதுநல அமைப்பாக அங்கீகாரம் பெற்ற அறநிறுவனத்துக்குக் கொடுத்தால், கொடுத்த தொகையின் இரண்டரை மடங்கை வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளும் சலுகையும் இருக்கிறது. கொடுக்கும் பழக்கத்தை இவை வளர்க்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் பொதுப்பணம் எங்கே போக வேண்டும் என்பதை இதில் தீர்மானிப்பவர் நன்கொடையாளர். புத்தகப்பையோடு சிரிக்கும் குழந்தையின் படத்துக்குப் பணம் குவியும். சிறையிலிருந்து திரும்பியவரின் குடும்பத்துக்கும், குடியை விட முயல்பவருக்கும் அப்படிக் குவிவதில்லை. குவிந்த இடத்தில் அரசாங்கத்தின் பணமும் சேர்ந்து குவிகிறது.

நான் தொண்டூழியராகக் கணக்குப் பார்க்கும் சிறிய அமைப்பில் இது நன்றாகவே தெரியும். மானிய விண்ணப்பத்தில் திட்டத்தின் பெயர், பயனடைவோர் எண்ணிக்கை, எதிர்பார்க்கும் பலன், அதை அளக்கும் முறை என்று கட்டங்கள் வரிசையாக இருக்கும். அவற்றை நிரப்பும்போது, அந்த வாரம் எங்கள் சமூக ஊழியர் ஓர் அம்மாவுக்காகச் செலவிட்ட பிற்பகல் நினைவுக்கு வந்தது. ஓரறை வாடகை வீடு. மின்கட்டணப் பாக்கிக்குச் சிவப்பெழுத்தில் கடிதம். பள்ளி உதவித்தொகைக்கான படிவத்தில் கணவரின் வருமானச் சான்று கேட்கிறார்கள், கணவரோ எங்கே என்று தெரியவில்லை. ஊழியர் முதலில் மின்கட்டணத்தைத் தவணையாக்கக் கேட்டுப் பேசினார், பிறகு பள்ளியில் பேசினார், பிறகு சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் என்னும் அரசாங்க நிதியுதவிக்கு நேரம் வாங்கினார். இடையிடையே அந்த அம்மா அழுது ஓயும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தின் கணக்குப்படி இது 'பயனடைந்தோர்: 1'. அதே நேரத்தில் மண்டபத்தில் ஒரு பட்டறை நடத்தியிருந்தால் நாற்பது என்று எழுதியிருக்கலாம்.

அலுவலக வாடகை, மின்சாரம், கணினி, ஊழியரின் மருத்துவ விடுப்பு ஆகியவற்றுக்குப் பணம் கேட்பது அதைவிடக் கடினம். நிர்வாகச் செலவு என்றாலே வீண்செலவு என்ற எண்ணம் இங்கே ஆழமாக வேரூன்றியிருப்பதற்குக் காரணமும் உண்டு. 2005இல் தேசியச் சிறுநீரக அறநிறுவன விவகாரத்தில் தலைமை நிர்வாகியின் அலுவலகக் குளியலறையில் இருந்த தங்கமுலாம் பூசிய குழாயைப் பற்றிப் படித்தவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. அதன்பின் அறநிறுவனங்கள்மீதான கண்காணிப்பு இறுகியது. நிதி திரட்ட ஆகும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. இவை வேண்டியவைதாம். ஆனால் கணக்கு எழுத, தணிக்கைக்குத் தயாராக, அறிக்கை அனுப்ப ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளம் மீண்டும் நிர்வாகச் செலவுக் கணக்கில்தான் விழுகிறது. பெரிய அமைப்புகள் இதற்கென ஒரு பிரிவையே வைத்துக்கொள்கின்றன. எங்களைப் போன்ற இடங்களில் பகலில் வீடு வீடாகச் சென்ற ஊழியரே இரவில் அறிக்கையும் எழுதுகிறார், ஓரிரு ஆண்டில் வேறு வேலை தேடிக்கொள்கிறார். அவரை நம்பிப் பேசத் தொடங்கியிருந்த குடும்பம் புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே நான் கேட்பது கூடுதல் பணத்தை மட்டும் அன்று. நன்கொடை எளிதில் திரளாத சேவைகளுக்கு வெள்ளிக்கு வெள்ளி என்பதற்குப் பதிலாக வெள்ளிக்கு இரண்டு வெள்ளி ஈடு தரலாம். ஒவ்வொரு மானியத்திலும் ஒரு பங்கை, கேள்வி கேட்காமல், வாடகைக்கும் சம்பளத்துக்கும் என்று ஒதுக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் மானியங்களை ஐந்தாண்டுக்கு நீட்டித்து, இடையில் ஒருமுறை கடுமையாகவே ஆய்வு செய்யலாம். தேறாத அமைப்பை அப்போது நிறுத்தட்டும், எங்களுடையதாக இருந்தாலும் சரி.