நாதஸ்வரம் நின்ற பிறகும்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் கால்நடை உதவி மருத்துவராக இருந்தேன். அன்றாடம் மாடும் ஆடும்தான். மாதம் ஒருமுறை அங்கிருந்த கோயில் யானையின் பாதத்தையும் நகத்தையும் பார்த்து எழுதிக்கொடுக்க வேண்டும்.

போகும்போதெல்லாம் அது உடலை இடமும் வலமும் சாய்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே நிற்கும். நாதஸ்வரத்துக்குத் தாளம் போடுகிறது என்று பக்தர்கள் பூரித்துப்போவார்கள். நாதஸ்வரம் நின்று, நடை சாத்திய பிறகும் அந்த ஆட்டம் ஓயாது. நானும் ஐந்தாறு மாதம் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. கால் புண்ணைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

காட்டு யானை ஒரு நாளில் 12 முதல் 18 மணி நேரம் மேய்ச்சலிலேயே இருக்கும். நடந்து, முகர்ந்து, ஒடித்து, உரித்துத் தின்பதுதான் அதன் பிழைப்பு. இங்கே சோளத்தட்டை கட்டோடு காலடிக்கு வரும், கவளம் வாய்க்கே வரும். மிச்சப் பொழுதை என்ன செய்வது? ஆடுகிறது.

முதலில் ஒரு லாரி டயரைத் தொங்கவிட்டேன். இரண்டு நாள் புரட்டிப் பார்த்தது. அதன் பிறகு டயரும் சுவரும் அதற்கு ஒன்றாகிவிட்டன. காலில் சங்கிலி கிடக்க, கண்ணெதிரே டயர். இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பிறகுதான் தீனியில் கைவைத்தோம். வாழைத்தண்டைப் பிளந்து, உள்ளே வெல்லத்தை வைத்து நாரால் கட்டினோம். ஆலங்கிளைகளைத் துதிக்கை எட்டியும் எட்டாத உயரத்தில் தொங்கவிட்டோம். பாகனுக்குப் பொறுக்கவில்லை. "பசித்த பிள்ளைக்குச் சோற்றை ஒளித்து வைக்கச் சொல்கிறீர்களே, டாக்டர்!" என்றார். 1970களில் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் விலங்குக் காட்சிசாலையில் ஹால் மார்க்கோவிட்ஸ் என்பவர் கிப்பன் குரங்குகள் விசையை இழுத்துத் தீனி பெறும்படி செய்த கதையைச் சொன்னேன். பாகன் மசியவில்லை. அவரை மாற்றியது யானைதான்: ஒரு தண்டோடு அது அரை மணி நேரம் மல்லுக்கட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மறுநாள் அவரே முடிச்சைக் கடினமாகப் போட்டிருந்தார்.

சங்கிலியைப் பகலில் சில மணி நேரமாவது அவிழ்க்கவும் சம்மதம் கிடைத்தது. மேலே வாரி இறைத்துக்கொள்ள ஒரு டிராக்டர் மணல் கேட்டேன். கொள்ளிடத்தை வைத்துக்கொண்டு நான் மணலுக்கு அலைந்தது தனிக் கதை.

ஆட்டம் குறைந்தது, அறவே நிற்கவில்லை. தீனி வரும் சைக்கிளின் மணியோசை கேட்கும் நேரம் நெருங்கினாலே தொடங்கிவிடும். அதனால் நேரத்தை நாளுக்கு நாள் மாற்றினோம், அதற்குக் கொஞ்சம் பலன் இருந்தது. பல வருடம் ஊறிய பழக்கம், காரணம் போன பிறகும் எளிதில் போவதில்லை. இன்னொரு யானையின் துணைக்கு ஈடாக எதை வைப்பது? தேக்கம்பட்டியில் கோயில் யானைகளை ஒன்றுசேர்த்து நடத்திய புத்துணர்வு முகாமுக்குப் போய்வந்த பிறகு சில வாரம் அது ஆடவே ஆடாது என்று பாகன் சொல்வார். வாழைத்தண்டால் முடியாதது அது.

நான் மாற்றலாகிப் போவதற்கு முந்தைய வாரம், ஒரு மூதாட்டி கொட்டகை வாசலில் நின்று, "ஏன் யானை ஆடவில்லை, உடம்புக்கு முடியவில்லையா?" என்று கேட்டார்.

தண்டின் முடிச்சோடு மல்லாடிக்கொண்டிருந்த யானையைப் பார்த்துவிட்டுப் பாகன் சொன்னார்: "வேலையாக இருக்கிறது, அம்மா."