நத்தார் காதலும் தை மாதக் கணக்கும்

எங்கள் நூலகத்தில் 332.024 என்ற எண் ஒட்டிய தட்டு தை பிறந்ததும் வெறுமையாகிவிடும். சொந்தக் காசை எப்படிக் கையாள்வது என்று சொல்லும் புத்தகங்களுக்கு, நூலகங்கள் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி வகைப்பாட்டில் உள்ள எண் அது. மார்கழி முழுக்க அந்தப் பக்கம் ஆட்கள் வருவது குறைவு. அப்போது எல்லாரும் நிற்பது வாசலுக்குக் கிட்ட நாங்கள் வைக்கும் சுழல் தட்டுக்கு முன்னால். அது நிறைய நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், காதல் நாவல்கள். சிவப்பு அட்டை, பனி மூடிய கூரை, சன்னலில் விளக்கு. நத்தார் முடிந்து கடனட்டைக் கணக்கு வீட்டுக்கு வந்ததும் சனம் அந்தத் தட்டை விட்டு இந்தத் தட்டுக்கு நகரும். ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் இந்த வேலைக்கு வந்து 11 வருடமாகிறது. அநேகமாக ஒவ்வொரு குளிர்காலமும் இதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு தட்டிலிருந்தும் ஒரே நாளில் புத்தகம் எடுப்பவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். உணவுப் பொருள் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நின்று செய்கிற வேலை. நான் அவரை அன்ரி என்பேன், அவர் என்னைப் பிள்ளை என்பார். யார் என்ன வாசிக்கிறார் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். அதனால் அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லவேண்டும். தமிழ் அடுக்கில் இருந்த ரமணிசந்திரனின் காதல் நாவல்களை எல்லாம் முடித்துவிட்டு அன்ரி ஆங்கிலக் காதல் நாவல்களுக்கு வந்த காலம் அது. ஐந்து புத்தகங்களை மேசையில் வைத்தார். நான் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்துகொண்டே, "அன்ரி, இதுகளோட பயனுள்ளதா ஒண்டும் எடுத்துப் பாருங்கோவன்" என்று சொல்லி, காசைப் பற்றிய புத்தகம் ஒன்றை அவர் பக்கம் தள்ளினேன். அவர் மறுக்கவில்லை. அந்த ஐந்தில் இரண்டை எடுத்துத் திருப்பி வைத்துவிட்டு, நான் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார். அந்த இரண்டு புத்தகங்களும் அன்று பின்னேரம் வரை மேசை ஓரத்தில் கிடந்தன. அவற்றைத் தட்டில் கொண்டுபோய் வைத்தபோதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. பதினொரு மணித்தியாலம் வீட்டுக்கு வெளியே நின்றுவிட்டு வரும் ஒருவருக்கு எது பயன் என்று நான் தீர்மானித்திருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து அவர் வந்தார். காதல் நாவல்கள் மூன்றும் முழுதாக வாசித்து மடிப்பு விழுந்திருந்தன. காசுப் புத்தகத்தில் 34ஆம் பக்கத்தில் ஒரு பஸ் துண்டு இருந்தது. இது அவருக்கு மட்டும் நடப்பதில்லை. திரும்பி வரும் புத்தகங்களுக்குள் கடைச் சிட்டையும் லொத்தர் துண்டும் குழந்தையின் காலுறையும்கூட எடுத்திருக்கிறேன். அவை கிடக்கும் இடத்தைப் பார்த்தால் ஆள் எங்கே நின்றுவிட்டார் என்று தெரியும். சிக்கனப் புத்தகங்களில் அநேகம் பேர் முன்பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஏன் என்று அன்ரிதான் சொன்னார்.

"பிள்ளை, இது எழுதினவர் காலமை கோப்பி வாங்காதை எண்டு துவங்கிறார். நான் வாங்கிறதில்லை. பிறகு உடுப்பு வாங்காதை எண்டுறார். நான் வாங்கிறதில்லை. என்ர காசு எங்க போகுதெண்டு அவருக்குத் தெரியாது. தெரியாமலே திட்டுறார்."

பிறகு, பள்ளிக்கூடத்தில் ஒப்புவித்ததைப் போலவே, கண்ணை மேலே வைத்துக்கொண்டு சொன்னார்: "ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை, போகாறு அகலாக் கடை. வாற வழி சின்னனா இருந்தாலும் போற வழி அகலாட்டில் கெடுதல் இல்லை. வள்ளுவர் எவ்வளவு ஆறுதலாச் சொல்றார் பார். திட்டேல்லை."

அந்தக் குறளை நானும் படித்திருக்கிறேன். செலவைப் பற்றி எழுதுகிறவர் வாசிப்பவரின் பக்கத்தில் இருந்து பேசவேண்டும் என்பதை அதிலிருந்து எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

காதல் நாவல்களைப் பற்றி அவருக்கு இதைவிடப் பெரிய அபிப்பிராயங்கள் உண்டு. ஆங்கிலம் அவருக்கு அதில்தான் வந்தது. சின்ன வசனங்கள், திரும்பத் திரும்ப வரும் சொற்கள், கடைசியில் நல்லது நடக்கும் என்ற உறுதி. தெரியாத சொல் பத்து வந்தாலும் பயமில்லாமல் மேலே போகலாம் என்பார். விடுமுறைக் கதைகளில் இரண்டு வகை. கோடைக்கு ஒரு கிரேக்கத் தீவோ இத்தாலிய ஊரோ. குளிர்காலத்துக்கு, நகரத்தில் பெரிய வேலை பார்க்கும் பெண் நத்தாருக்குச் சொந்த ஊர் வந்து, பனியில் அகப்பட்டு, வெதுப்பகம் நடத்தும் ஒருவரையோ நத்தார் மரம் வளர்க்கும் ஒருவரையோ சந்திக்கும் கதை. அன்ரிக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். தீவுக் கதையில் அந்த இருவரும் பிரியும்போது விமான நிலையம் வரும், அது தனக்கு வேண்டாம் என்றார். ஊருக்குத் திரும்பிப் போகிற கதையில் வீடு அப்படியே இருக்கிறது, அம்மா அடுப்படியில் நிற்கிறார், பழைய அறையில் பழைய கட்டில் இருக்கிறது. அவர் அந்தப் பக்கங்களை இரண்டு முறை வாசிப்பாராம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் அவருடைய வீடு இருந்த காணிக்கு நெடுங்காலம் போக முடியாமல் இருந்ததும், போனபோது கிணறு மட்டும் மிஞ்சியிருந்ததும் எனக்குத் தெரியும். அவர் அந்தக் கதைகளில் தேடியது காதலனை அல்ல என்று நான் நினைக்கிறேன்.

இந்தக் கதைகள் வெளியாவதில் எங்கள் நகரத்துக்குப் பெரிய பங்குண்டு. ஹார்லெக்வின் பதிப்பகம் 1949இல் கனடாவின் வினிபெக்கில் தொடங்கியது. முதலில் எல்லா வகை நாவல்களையும் மலிவுப் பதிப்பாகப் போட்டார்கள். உரிமையாளரின் மனைவி மேரி பொனிகாசில் வாசித்துப் பார்த்து விரும்பியவை லண்டன் மில்ஸ் அண்ட் பூன் வெளியிட்ட வைத்தியர், தாதி காதல் கதைகள். மில்ஸ் அண்ட் பூன் 1908இல் தொடங்கிய நிறுவனம். 1957இலிருந்து அவர்களின் கதைகளை மறுபதிப்புச் செய்த ஹார்லெக்வின், 1971இல் அந்த நிறுவனத்தையே வாங்கியது. தலைமையகம் ரொறன்ரோவுக்கு வந்து, நீண்ட காலம் டொன் மில்ஸ் பகுதியில் இருந்தது. ஸ்காபரோவிலிருந்து கிட்டத்தான். 1971இல் தலைமைக்கு வந்த லோரன்ஸ் ஹைசி அதற்கு முன்பு சவர்க்காரம் விற்ற நிறுவனத்தில் இருந்தவர். புத்தகக் கடைக்குப் போகாத பெண்களும் மளிகைக் கடைக்குப் போகிறார்கள் என்பதைப் பிடித்துக்கொண்டு, காதல் நாவலைக் காசு கொடுக்கும் இடத்துக்கே கொண்டுபோனார்கள்.

இதை அன்ரிக்குச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. முதன்முதலில் ஆங்கில நாவல் ஒன்றைத் தொட்டதே பாலும் பாணும் வாங்க நின்ற வரிசையில்தான் என்றார். வாங்கவில்லை. விலையைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு நூலகத்துக்கு வந்தார்.

"ஆனா ஒண்டு பிள்ளை," என்று ஒரு நாள் சொன்னார். "இந்தக் கதையள்ல ஒருத்தரும் லீவு கேக்கிறதில்லை. அந்தப் பெட்டை மூண்டு கிழமை ஊரில நிக்கிறாள். சம்பளம் ஆர் குடுக்கிறது? எனக்கு நத்தார் எண்டால் ஓவர்டைம்." எனக்கும் அதுதான் குறை. காதலுக்கு நேரம் வேண்டும், நேரத்துக்குக் காசு வேண்டும். அந்தக் கதைகளை எழுதுகிறவர்கள் அந்த முடிச்சைத் தொடாமலே போகிறார்கள். தொட்டால் கதை கெட்டுவிடும் என்று பயப்படுகிறார்களோ என்னவோ. நல்ல எழுத்தாளர் ஒருவர் கையில் அது கதையை இன்னும் ஆழமாக்கும் என்றே நம்புகிறேன்.

சிக்கனப் புத்தகங்களை அவர் கைவிட்டுவிடவில்லை. இந்த முறை நான் தள்ளவில்லை, அவரே கேட்டார். 1992இல் விக்கி ராபினும் ஜோ டொமிங்கெஸும் எழுதி வெளியான 'யுவர் மணி ஓர் யுவர் லைஃப்' நூலில் ஒரு கணக்கு உண்டு. சம்பளத்தில் வேலைக்காகவே செலவாகும் காசைக் கழி. வேலை செய்யும் மணித்தியாலத்தோடு வேலைக்காகப் போகும் நேரத்தையும் கூட்டு. பிறகு வகுத்துப் பார். ஒரு மணித்தியால உயிருக்கு என்ன விலை கிடைக்கிறது என்று தெரியும். மத்தியானம் ஆள் குறைந்த நேரத்தில், முன்பதிவுச் சீட்டின் பின்பக்கத்தில் இருவரும் அதைப் போட்டுப் பார்த்தோம். ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் அப்போது 17.20 டொலர். எட்டு மணித்தியாலத்துக்கு 137.60. போக வர பஸ்ஸுக்கு 6.60 போனால் 131. பயணம் ஒரு வழி ஒன்றரை மணித்தியாலம், ஆகவே நாளுக்கு 11 மணித்தியாலம். வகுத்தால் 12 டொலருக்கும் கொஞ்சம் குறைவு. வரி பிடிப்பதற்கு முன்னால்.

அன்ரி அந்தச் சீட்டைக் கனநேரம் பார்த்தார். எனக்கு நெஞ்சு இடித்தது. மறுபடியும் அவரைச் சிறுமைப்படுத்திவிட்டேனோ என்று நினைத்தேன். அவர் கைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். ஊரில் நாங்கள் பள்ளிக்குக் கொண்டுபோன சீ.ஆர். கொப்பி மாதிரி, நீட்டுக் கொப்பி. அதை எனக்குக் காட்டியது அன்றுதான்.

யப்பானில் ஹானி மொட்டோகோ என்ற பத்திரிகையாளர் 1904இல் வீட்டுக் கணக்குப் புத்தகம் ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். ககெய்போ என்று இன்று உலகமெல்லாம் விற்பது அந்த வழி வந்ததுதான். செலவைக் கையால் எழுதவேண்டும். தேவை, விருப்பம் என்று பிரித்து எழுதவேண்டும் என்பார்கள். அன்ரியின் கொப்பியில் அப்படிப் பிரிவு இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஓர் ஆளின் பெயர். தங்கச்சி. தங்கச்சியின் மகள். வன்னியில் இருக்கும் மச்சாள். இறந்துபோன அண்ணருக்கு ஒரு பக்கம். அதில் வருடா வருடம் திவசச் செலவு. சீட்டுக் கட்டுகிற காசு இன்ன ஆளின் கலியாணத்துக்கு என்று அந்த ஆளின் பக்கத்திலேயே இருந்தது. தனக்கென்று இருந்த பக்கம் கடைசியில். அதில் குளிர்காலச் சப்பாத்து ஒன்றும், பல் வைத்தியமும், நாலைந்து வரிகளும்தான்.

நான் படித்த எந்தச் சிக்கனப் புத்தகமும் இந்தக் கொப்பியைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? அநேகமாக, பிறருக்குக் கொடுப்பதைக் குறைக்கச் சொல்லியிருக்கும். கடைசிப் பக்கத்தை நிரப்பச் சொல்லியிருந்தால் நான் ஒப்புக்கொள்வேன். எனக்கும் அந்த ஆசைதான். ஆனால் மற்றப் பக்கங்களை வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது. யாருக்கு என்று தெரிந்து, எழுதி, கூட்டிப் பார்த்துச் செலவழிப்பதைவிட விழிப்பான செலவு வேறு எது?

அவர் முன்பதிவுச் சீட்டை மடித்துக் கொப்பிக்குள் வைத்தார். அந்த வாரம் விளம்பரத் தாளில் அவர் பார்த்து வைத்திருந்த குளிர் அங்கி 60 டொலர். தங்கச்சியின் மகள் படிக்க வருகிறாள், அவளுக்கு. "அப்ப அது அஞ்சு மணித்தியாலம்" என்றார். பிறகு, "அவளுக்கெண்டால் அஞ்சு மணித்தியாலம் நிக்கலாம். எனக்கு வாங்க நினைச்ச மற்றதுக்கு நிக்க ஏலாது. கால் நோகுது" என்றார்.

அன்று அவர் எடுத்துப்போனது இரண்டு நாவல்கள், அந்த 1992ஆம் ஆண்டுப் புத்தகம். எங்கள் நகர நூலகங்களில் 2022இலிருந்து தாமதக் கட்டணம் இல்லை, ஆறுதலாகக் கொண்டு வாருங்கள் என்றேன். மூன்றாம் வாரமே வந்துவிட்டார். காசுப் புத்தகத்தில் பஸ் துண்டு இந்த முறை கடைசி அத்தியாயத்தில் இருந்தது.

போகும்போது ஒரு கேள்வி கேட்டார். நத்தாருக்கு முதல் நாள் இரவு வேலை செய்கிற பெண்ணுக்கு, பஸ்ஸிலோ வேலைத்தலத்திலோ ஒருவரைப் பிடித்துப்போகிற கதை இருக்கிறதா என்று. வயது கொஞ்சம் போனவளாக இருந்தாலும் பரவாயில்லையாம். எங்கள் பட்டியலில் தேடினேன், மற்றக் கிளைகளிலும் கேட்டு எழுதியிருக்கிறேன். தாதிமார் கதைகள் சில அகப்பட்டன. அவற்றை அவருக்காக எடுத்து வைத்திருக்கிறேன். பொதி செய்கிறவள் கதை ஒன்றும் இன்னும் கிடைக்கவில்லை.