தெரியாத எண் வந்தால்

நிறுவனங்களின் வலையமைப்புக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று, போகிற வருகிற தரவைச் சோதிக்கும் ஃபயர்வால் பெட்டியைச் செய்கிறவர்கள் நாங்கள். இணைப்பு தொடங்கும்போது கிளையன்ட்டும் சர்வரும் பரிமாறிக்கொள்ளும் முதல் செய்திகளுக்கு ஹலோ என்று பெயர். ஒரு கோட் ரிவ்யூவில் எங்கள் குழுவின் இளைய பொறியாளர் ஒரு வரியைக் காட்டிக் கேட்டார்: "சார், சர்வரோட பதில் ஹலோவுல வர்ற பதிப்பு எண் நமக்குத் தெரியலேன்னா இணைப்பையே அறுத்துடுறோம். கிளையன்ட்டும் சர்வரும் பேசி ஒத்துக்கிட்ட எண்தானே அது? நடுவுல நிக்கிற நாம ஏன் அறுக்கணும்?"

"நடுவுல நிக்கிறதே அதுக்குத்தாம்மா. தெரியாததை விட்டுட்டா ஃபயர்வால் எதுக்கு?" என்றேன். அவர் மேலே பேசவில்லை. வரி அப்படியே நின்றது.

இணைய இணைப்புகளை மறையாக்கிக் காக்கும் நெறிமுறையான டிஎல்எஸ்ஸின் 1.3 பதிப்பு அப்போது வரைவாக இருந்தது. மொத்தம் 28 வரைவுகள். இடையில் பிரவுசர்காரர்கள் சோதித்துப் பார்த்தபோது, எங்களுடையதைப் போன்ற பெட்டிகள் இருக்கும் வலையமைப்புகளில் இணைப்புகள் அறுந்தன. எங்கள் பெட்டி மட்டும் காரணமல்ல, அதைச் சொல்லியே ஆக வேண்டும். கிளையன்ட் ஹலோவில் பழைய எண்ணையே வைக்க நேர்ந்தது, புது எண்ணைச் சகிக்காத சர்வர்களால். ஆனால் பதில் ஹலோவின் உருவத்தை மாற்ற வைத்தவை நடுப்பெட்டிகள்தான். 2018 ஆகஸ்டில் 1.3-இன் இறுதித் தர ஆவணமான ஆர்எஃப்சி 8446 வெளிவந்தபோது, ஹலோவின் பதிப்புப் புலத்தில் முந்தைய பதிப்பான 1.2-க்கு உரிய 0x0303 என்ற எண் உறைந்துவிட்டது. உண்மையான எண், நீட்டிப்பு எனப்படும் ஒரு கூடுதல் பகுதிக்குள் ஒளிந்திருக்கிறது. பழைய இணைப்பைத் தொடர 1.2-இல் உதவிய செஷன் ஐடி ஒன்று, இப்போது எதற்கும் பயன்படாமல் போகிறது. இனி மறையாக்கம் என்று 1.2-இல் அறிவித்த சேஞ்ச்-சைஃபர்-ஸ்பெக் செய்தியும், இங்கே அர்த்தமே இல்லாமல் போகிறது. எல்லாம், பார்க்கிற பெட்டி இதை 1.2-இன் பழைய செஷன் தொடர்கிறது என்று நம்புவதற்காக.

எங்கள் பெட்டியும் நம்பியது. 1.3-இல் சர்வரின் சான்றிதழே மறையாக்கம் ஆகிவிடுகிறது. நாங்கள் படிக்க முடியாத ஒன்று, தெரிந்த முகத்தோடு எங்கள் வழியாகவே போனது. தெரியாததைத் தடுக்க வைத்த வரி அது. அந்த எண்ணை வெளிப்படையாக விட்டிருந்தால், 'புதிய பதிப்பு' என்று லாகிலாவது எழுதியிருக்கலாமே என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

மறுபக்கமும் இருக்கிறது. எங்கள் வாடிக்கையாளர்களில் வங்கிகள் உண்டு. தெரியாத எதையும் உள்ளே விடாதே என்பது அவர்களுடைய தணிக்கையாளர் போடும் நிபந்தனை. விதியை மீறி வரும் பாக்கெட்டுகளில் தாக்குதலும் உண்டு, நாளைய தரமும் உண்டு. பெட்டிக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அந்த இடத்தில் வேறு பதில் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் தெரியவில்லை. ஆனால் 8446-ஐ மறுபடி படிக்கும்போது, இணைப்பை முழுதாக உன்னிடமே முடித்துக்கொள், இல்லையேல் புரியாத ஹலோவைக் கடத்தியபின் அதற்குமேல் தலையிடாதே என்கிற பகுதியில் நின்றுவிடுகிறேன். அந்த இளைய பொறியாளர் கேட்டது கிட்டத்தட்ட அதுதான். நாங்கள் நின்றது இரண்டுக்கும் நடுவில்.

இப்போது அதே கேள்வி, பிரவுசர்கள் சர்வர்களோடு பேசப் பயன்படுத்தும் க்விக் என்ற நெறிமுறையில் வந்திருக்கிறது. 2023-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் புது வசதி என்று எதுவும் கிடையாது. பெட்டிகள் ஒரே எண்ணுக்குப் பழகி இறுகிவிடக் கூடாது என்பதற்காகவே எண்ணையும் சில மாறிலிகளையும் மாற்றியிருக்கிறார்கள். இதைவிட நேரடியாக எங்களிடம் யாரும் பேச முடியாது. ஒரு வாடிக்கையாளர், தெரியாத க்விக் பதிப்புகளை அடைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். திறந்துவிடும் வசதியைச் சேர்த்தேன். இயல்புநிலையில் அடைத்தே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.